ஸ்லோவுல நிக்காத விமானமும் ஒரு அனாமத்துக் கணக்கும்

பி.காம் படிக்கிறவனுக்கு விமான இன்ஜினைப் பத்தி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. போன வருஷம் வரை எனக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் தெரிந்த மாதிரி பேசினேன். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2025 நவம்பரில் சேலத்திலிருந்து கிளம்பிய ஒரு சின்னப் பயிற்சி விமானம் புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் பக்கம் நெடுஞ்சாலையில் இறங்கியது ஞாபகம் இருக்கும். உள்ளே இருந்த இரண்டு பேரும் தப்பித்தார்கள். தாயில்பட்டி டீக்கடையில் அந்த வீடியோவைப் பார்த்த பத்தாவது நிமிஷம் காரணங்கள் வரிசையாக வந்து விழுந்தன. "பெட்ரோல் தீர்ந்திருக்கும்", "ஓட்டுன பையன் புதுசு", "ஓட்டை வண்டி". நானும் சும்மா இருக்கவில்லை. "கார்பரேட்டர்ல அடைப்புண்ணே" என்று அடித்துவிட்டேன். என் டிவிஎஸ் ஃபிஃப்டிக்கு எப்போதும் அதுதான் வியாதி. :-)

எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் விமானப் பராமரிப்பு படித்துவிட்டுப் பயிற்சி விமானங்களில் வேலை பார்க்கிறார். அவருக்குப் போன் போட்டு என் கண்டுபிடிப்பைச் சொன்னேன். "நீ பாத்தியா?" என்றார். "இல்லண்ணே." "அப்பறம் என்ன மயித்துக்கு சொல்ற?" என்று வைதுவிட்டு ஒரு கதை சொன்னார். இனி வருவது அந்தக் கதையும் அதனால் எனக்கு வந்த கோபமும்.

அவரிடம் வந்தது நாலு சிலிண்டர் செஸ்னா. மேலே ஏறும்போது நன்றாக இழுக்கிறது. தரைக்கு வந்து த்ராட்டிலை முழுக்க மூடினால் குலுங்கி நின்றுவிடுகிறது. இந்த மாதிரி இன்ஜின் ஸ்லோவில் நிமிஷத்துக்கு 600, 700 சுற்று ஓட வேண்டும். ஸ்லோவில் நிற்காத பைக்கை சிக்னலில் உதைத்துக் கிளப்பலாம். விமானம் இறங்கும்போது பைலட் த்ராட்டிலை மூடித்தான் வருவார். அந்த நேரத்தில் இன்ஜின் அணைந்து, ஓடுபாதையில் மாடு நின்றால், திரும்ப மேலே ஏற வழியே இல்லை.

புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் நம் ஊர் மெக்கானிக் செய்வதையே செய்யப் போனானாம். ஸ்குரூ டிரைவரை எடுத்து ஸ்லோவை ஏற்றுவது. ஏற்றினால் இன்ஜின் நிற்காது, உண்மைதான். ஆனால் விமானம் இறங்க மறுத்து ஓடுபாதை மேலேயே மிதந்துகொண்டு போகும். தரையில் உருளும்போது பிரேக்கைத் தின்னும். நோய் உள்ளேயே இருக்கும்.

அண்ணன் அவன் கையிலிருந்து ஸ்குரூ டிரைவரை வாங்கி வைத்துவிட்டார். முதலில் பைலட்டைக் கேட்டார். எப்போது நிற்கிறது? இன்ஜின் சூடான பிறகா, முன்பா? அன்று வானிலை எப்படி? அப்புறம் காசு செலவில்லாத சோதனைகள். குளிரில் ஸ்டார்ட் செய்ய உதவும் பிரைமர் சரியாகப் பூட்டியிருக்கிறதா? பூட்டாவிட்டால் அதன் வழியே பெட்ரோல் கசிந்து உள்ளே போகும். விமான இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், மொத்தத்துக்கு இரண்டு மேக்னெட்டோ. ஒவ்வொரு மேக்னெட்டோவாக அணைத்துச் சுற்று எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார். அளவுக்குள்தான் இருந்தது.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. ஸ்லோவில் ஓடவிட்டு, பெட்ரோல் கலவை லீவரை மெல்ல மெல்ல இழுத்து இன்ஜினை அணைக்க வேண்டும். அணைவதற்கு முன் சுற்று கொஞ்சம் ஏறி இறங்கினால் கலவை சரி. 50-க்கு மேல் ஏறினால் பெட்ரோல் அதிகம். ஏறவே ஏறாமல் நேரே விழுந்தால் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். இந்த இன்ஜின் நேரே விழுந்தது.

இங்கேயும் ஒரு குறுக்கு வழி உண்டு. கலவை திருகைத் திருப்பி பெட்ரோலைக் கூட்டிவிடலாம். அண்ணன் அதையும் தொடவில்லை. "காத்து ஏன் அதிகமா வருது, எங்கருந்து வருது?" என்று தேடினார். டார்ச் அடித்துப் பார்த்தால், ஒரு சிலிண்டருக்குப் போகும் குழாயின் மூட்டில் நீலக் கறை. விமானப் பெட்ரோலுக்கு நீலச் சாயம் போட்டிருப்பார்கள். கேஸ்கெட் போயிருந்தது. த்ராட்டில் மூடியிருக்கும்போதுதான் உள்ளே உறிஞ்சல் அதிகம், அதனால் ஓட்டை வழியே வெளிக்காற்று புகுந்து கலவையைக் கெடுக்கும். த்ராட்டில் திறந்துவிட்டால் ஓட்டை இருப்பதே தெரியாது. மேலே ஏறும்போது நன்றாக இழுத்ததன் ரகசியம் இதுதான். கேஸ்கெட்டை மாற்றி, அதே சோதனையைத் திரும்பச் செய்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

நான் காமர்ஸ் மாணவன், எனக்கு இது வேறு மாதிரி புரிந்தது. இருப்பாய்வு டேலி ஆகவில்லை என்றால் வித்தியாசத்தைத் தூக்கி அனாமத்துக் கணக்கில் போடுவோம். அது தற்காலிகம், பிழையைக் கண்டுபிடித்ததும் அந்தக் கணக்கை மூட வேண்டும் என்று பதினொன்றாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். ஸ்லோவை ஏற்றுவது அனாமத்துக் கணக்கு. ஒரு மூட்டில் காற்று கசிய, கலவை திருகில் பெட்ரோலைக் கூட்டுவது ஈடுசெய் பிழை. ஒரு தப்பு இன்னொரு தப்பை மறைக்கும். இருப்பாய்வு டேலி ஆகும், புத்தகம் பொய்யாக இருக்கும்.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன்.

எங்கள் பக்கம் பட்டாசு ஆலை விபத்து நடந்தால் மறுநாள் பேப்பரில் ஒரு வார்த்தை இருக்கும்: உராய்வு. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியில் 38 பேருக்கு மேல் செத்தார்கள். 2021 பிப்ரவரி 12 அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். 2024 மே 9 செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1 சின்னக்காமன்பட்டி. நடுவில் நடந்தவற்றை எழுதினால் பக்கம் போதாது. "மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டு வெடித்தது" என்ற வரியைப் படித்துப் படித்து எங்களுக்கு மனப்பாடம்.

உராய்வு பொய் என்று நான் சொல்லவில்லை. இன்ஜின் ஏன் நின்றது என்றால் "கலவை சரியில்லை" என்பதும் பொய் இல்லை. அதோடு நிறுத்துவதுதான் தப்பு. உராய்வு ஏன் வந்தது? அறையில் எத்தனை பேர் இருந்தார்கள்? பீஸ் ரேட்டுக்காகக் கை எவ்வளவு வேகமாக ஓடியது? இடமில்லாமல் மரத்தடியில் உட்கார்ந்து செய்தார்களா? உரிமம் ஒருவர் பேரிலும் வேலை வாங்கியது இன்னொருவருமா? உராய்வு எங்கள் ஊரின் அனாமத்துக் கணக்கு. யாரும் அதை மூடுவதில்லை.

என் சித்தி வேலை பார்த்த இடத்தில் (பேர் வேண்டாம்) ஒரு அறை எரிந்தது. சித்தியின் இடது கை இன்றும் முழுசாக மடங்காது. அதற்கும் காரணம் உராய்வுதான் என்று முடித்தார்கள். சித்தி என்னிடம் சொன்னது வேறு: "முந்தின நாள் கலந்த மருந்து மிச்சம் கிடந்துச்சுடா. ராத்திரி மழை. காலைல கதவத் தொறந்தா உள்ள அனலா அடிச்சது." அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். இது வேதியியல், உராய்வே தேவையில்லை. சித்தி சொன்னதுதான் காரணம் என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. டீக்கடையில் ஒருமுறை தப்புப் பண்ணியது போதும். ஆனால் "இத யார்ட்டயாச்சும் சொன்னீங்களா சித்தி?" என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இது: "யாரு கேட்டா?"

"எல்லாம் எரிஞ்சு போன எடத்துல எதக் கண்டுபிடிக்க?" என்பார்கள். கார்பரேட்டருக்குள் ஐஸ் கட்டும் தெரியுமா? பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே 30 டிகிரிக்கு மேல் குளிர்ந்துவிடும். வெளியே 38 டிகிரி வெயிலில்கூட, காற்றில் ஈரம் இருந்தால் ஐஸ் கட்டி இன்ஜினை அடைக்கும். இறங்கி மூடியைத் திறப்பதற்குள் உருகி ஓடிவிடும், தடயமே இருக்காது. அதையும் கண்டுபிடிக்கிறார்கள். ஓட்டியவரைக் கேட்டு, அன்றைய வானிலையைப் பார்த்து.

"போலீஸ் வழக்கு போடுது, ஆளைப் பிடிக்குது, வேற என்ன வேணும்?" என்பது அடுத்தது. பிடிக்கட்டும். ஆனால் யார் குற்றவாளி என்பது ஒரு கணக்கு, ஏன் நடந்தது என்பது வேறு கணக்கு. விமான விசாரணை இரண்டாவதற்கு மட்டுமே என்று உலகமே ஒப்புக்கொண்டிருக்கிறது. நம் நாட்டில் அதற்கென்று தனி அமைப்பு வந்ததும் முதலிப்பட்டி எரிந்த அதே 2012-ல்தான். 2025 ஜூன் 12 அகமதாபாத்தில் 260 பேர் இறந்தார்கள். ஜூலை 12-ல் முதல்கட்ட அறிக்கை வெளியே வந்தது. அதில் குறை சொன்னவர்கள் உண்டு. குறை சொல்லவாவது கையில் ஒரு அறிக்கை இருந்தது.

நம்மாலும் முடியும். அச்சங்குளம் விபத்துக்குப் பசுமைத் தீர்ப்பாயம் நீதிபதி கண்ணன் தலைமையில் குழு போட்டது. ஆலை உள்குத்தகைக்கு விடப்பட்ட கதை அலசப்பட்டது. தேடினால் உராய்வுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியும். ஏன் ஒவ்வொரு விபத்துக்கும் அப்படித் தேடக்கூடாது?

ஆலையை மூடச் சொல்லவில்லை. என் காலேஜ் ஃபீஸ் பட்டாசுக் காசு. நான் கேட்பது மூன்றுதான். விபத்து நடந்த முப்பது நாளில் ஒரு முதல் அறிக்கை. அது தமிழில், பஞ்சாயத்து போர்டில் ஒட்டப்பட வேண்டும். அதற்கு முன், அந்த அறையில் வேலை பார்த்து உயிரோடு இருப்பவர்களை உட்கார வைத்துக் கேட்க வேண்டும்.

நாலு பேர் உட்காரும் செஸ்னாவின் ஒரு கேஸ்கெட்டுக்கு இவ்வளவு மெனக்கெடுகிறார்கள். நாற்பது பேர் உட்காரும் ஆலைக்கு ஒரு வார்த்தை போதுமா?

அடுத்த முறை பேப்பரில் "உராய்வு" என்று படித்தால் அண்ணன் என்னைக் கேட்டதை நீங்களும் கேளுங்கள். பாத்தியா? கேட்டியா?