ஒரு காபன் அணு கூடினால் என்ன நடக்கும்?



“சடப்பொருளின் நிலைகள் எத்தனை?” என்று கேட்டால் நீங்கள் யோசியாமலே “மூன்று” என்பீர்கள். திண்மம், திரவம், வாயு என்ற வரிசையும் தவறாது. சாதாரண தரப் பரீட்சைக்கு அவ்விடை போதும், புள்ளி குறையாது. ஆனால் உங்கள் சிந்தனை அவ்விடையுடன் நின்றுவிடக் கூடாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஒரு பொருள் ஏன் அந்நிலையில் உள்ளது, அதன் மூலக்கூறின் அமைப்பில் எது அதற்குக் காரணம் என்று கேட்கப் பழகாதவர், இரசாயனவியலில் பாதியைத்தான் கற்றவர்.

1888 ஆம் ஆண்டில் பிராக் நகரில் பணியாற்றிய ஒஸ்திரியத் தாவரவியலாளர் பிரீட்ரிக் ரைனிற்சர், கொலஸ்தரைல் பென்சோவேற்று என்னும் திண்மத்தை வெப்பமேற்றினார். அது 145.5 பாகை செல்சியசில் உருகிக் கலங்கிய திரவமாயிற்று. 178.5 பாகையில் அக்கலங்கல் மறைந்து தெளிந்தது. தூய பொருளுக்கு உருகுநிலை ஒன்றே என்பதை நீங்கள் அறிவீர்கள். இங்கோ இரண்டு! “மாசு கலந்திருக்கும்” என்று அவர் அதை ஒதுக்கியிருக்கலாம். அப்படிச் செய்யாது, ஜேர்மனியப் பௌதிகவியலாளர் ஒற்றோ லேமனுக்கு எழுதி விசாரித்தார். திரவம் போல் பாய்ந்து, பளிங்கு போல் ஒளியைக் கையாளும் இந்த இடைநிலையே திரவப் பளிங்கு எனப்படுகிறது. எண்முறைக் கைக்கடிகாரத்திலும் கணிப்பானிலும் இலக்கங்களைக் காட்டுவது இத்தகைய பொருளே.

திரவப் பளிங்கில் மூலக்கூறுகள் பெரும்பாலும் கோல் வடிவானவை. தீப்பெட்டியிலுள்ள குச்சிகளைப் போல எல்லாம் ஏறத்தாழ ஒரே திசையை நோக்கியிருந்து, இடம் மட்டும் ஒழுங்கின்றி இருப்பின் அது நெமற்றிக் அவத்தை. திசையோடு அடுக்கடுக்கான ஒழுங்கும் சேர்ந்தால் அது சிமெக்ரிக் அவத்தை. இப்பெயர்களை 1922 இல் பிரான்சு நாட்டவரான ஜோர்ஜ் பிரீடெல் சூட்டினார்.

இப்போது இரண்டு கோல்களை ஒரு நெகிழும் காபன் சங்கிலியால் இணைத்தால் என்ன ஆகும்? இத்தகைய மூலக்கூறே திரவப் பளிங்கு இருபகுதியம். இவற்றை 1927 இல் ஜேர்மனிய இரசாயனவியலாளர் போர்லண்டர் அறிவித்தார். ஆயினும் அரை நூற்றாண்டுக்கு மேலாக இவை அதிகம் கவனிக்கப்படவில்லை. 1980களில்தான் ஆய்வாளர் மீண்டும் இவற்றின் பக்கம் திரும்பினர்.

ஏன் திரும்பினர் என்பதை அறிய நீங்களே ஒரு செயற்பாட்டைச் செய்து பாருங்கள். மெல்லிய கம்பித் துண்டொன்றை எடுத்து, ஒரு முறை வலப்பக்கம், மறுமுறை இடப்பக்கம் என மாறி மாறி ஒரே அளவில் வளையுங்கள். ஒவ்வொரு வளைவும் ஒரு காபன் அணு. கம்பியின் இரு முனைகளும் இரு கோல்கள். வளைவுகளின் எண்ணிக்கை 2, 4, 6 என இரட்டை எண்ணாயின் இரு முனைகளும் சமாந்தரமாக அமையும். 3, 5, 7 என ஒற்றை எண்ணாயின் அவை ஒன்றுக்கொன்று சாய்ந்து, மூலக்கூறு முழுவதும் வளைந்த வடிவம் பெறும். உண்மையான சங்கிலி நெகிழக்கூடியதாயினும், அது நன்கு நீண்டிருக்கும்போது இவ்வேறுபாடு தெளிவாக இருக்கும்.

நேரான மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இலகுவில் வரிசைப்படும். ஆகவே இரட்டை எண் சங்கிலியுடைய இருபகுதியங்களின் நெமற்றிக் ஒழுங்கு கூடிய வெப்பநிலை வரை குலையாது நிற்கிறது. ஒற்றை எண்ணுடையவற்றில் அது குறைந்த வெப்பநிலையிலேயே குலைகிறது. சங்கிலியில் காபன்களை ஒவ்வொன்றாகக் கூட்டும்போது இவ்வெப்பநிலை ஏறி இறங்கி, ஏறி இறங்கிச் செல்கிறது. சங்கிலி நீள நீள இவ்வேற்ற இறக்கம் சிறுத்துவிடும். இதுவே ஒற்றை-இரட்டை விளைவு.

கோல்களின் வெளிமுனைகளில் வால் போன்ற சங்கிலிகள் இருந்தால், அவற்றின் நீளமும் முக்கியமாகும். சமச்சீரான இருபகுதியங்களில் வாலின் நீளம் நடுச்சங்கிலியின் அரைவாசியைத் தாண்டும்போதே பொதுவாகச் சிமெக்ரிக் அடுக்குகள் தோன்றுகின்றன.

இன்னும் வியப்பான ஒன்றும் உண்டு. இரு சயனோபைபீனைல் கூட்டங்களை ஏழு காபன்களால் இணைத்த சேர்வை ஏறத்தாழ 116 பாகையில் நெமற்றிக் ஆகிறது. மேலும் குளிர்ந்து ஏறத்தாழ 103 பாகைக்கு வரும்போது வேறோர் அவத்தையாக மாறுகிறது. நுணுக்குக்காட்டியில் அது சிமெக்ரிக்கை ஒத்திருந்தது. எக்ஸ் கதிர்ச் சோதனையிலோ அடுக்குகள் இல்லை. வளைந்த மூலக்கூறுகள் சுருளாக முறுகி நிற்கும் புதிய நெமற்றிக் அவத்தை அது என 2011 இல் இனங்காணப்பட்டது. ஒரு சுற்றின் நீளம் ஏறத்தாழ 8 நனோமீற்றர் மாத்திரமே. இத்தகைய அவத்தை இருக்கக்கூடும் என்று 1970களிலேயே கொள்கையளவில் கூறப்பட்டிருந்தது. ஆக, வளைந்த வடிவமே இப்புதிய அவத்தைக்கு வழிவிட்டது.

“இது எங்கள் பாடத்திட்டத்தில் இல்லையே, ஏன் படிக்க வேண்டும்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நெமற்றிக், சிமெக்ரிக் என்ற பெயர்களை மனனம் செய்யும்படி நான் கேட்கவில்லை. பரீட்சைக்கு வராத பெயர்களை மறந்தாலும் குறைவில்லை. மறக்கக் கூடாதது அந்தக் கம்பியின் வளைவை. வைரமும் பென்சிற் கரியும் ஒரே காபனால் ஆனவை. ஒன்று கடினமானது, மற்றையது வழுக்குவது. இதற்கான காரணமும் அமைப்பே. இதை விளங்கிக் கொண்டவருக்கு வினாத்தாளில் முன்பின் காணாத பொருளொன்று வந்தாலும் காரணம் எழுத வழி தெரியும். மனனம் செய்தவரோ அந்த இடத்தில் பேனாவை வைத்துவிடுவார்.

இதில் எங்களைப் போன்ற வழிகாட்டி நூல் எழுதுவோருக்கும் பங்குண்டு. சுருக்கமான விடைகளைக் கட்டம் கட்டித் தருவது இலகு. காரணத்தைக் கேட்க வைப்பது சிரமம். எனவே இந்நூலிலுள்ள ஒவ்வொரு சுருக்க விடையின் அருகிலும் “ஏன்?” என்று பென்சிலால் எழுதி வையுங்கள். விடை கிடைத்ததும் அதை அழியுங்கள். அழிக்க முடியாது எஞ்சுபவற்றை ஆசிரியரிடம் கேளுங்கள். ரைனிற்சரும் தமக்கு விளங்காததை இன்னொருவரிடம் கேட்டுத்தான் எழுதினார்.