நான்கு குச்சிகளின் கணக்கு

கொரிய மக்கள் சந்திரப் புத்தாண்டு நாளில் குடும்பத்தோடு கூடி ஆடும் ஆட்டம் யூட்நோரி. 2022-ஆம் ஆண்டில் தென்கொரிய அரசு அதனைத் தேசிய மரபுச் செல்வமாக அறிவித்தது. அது முற்றிலும் அதிர்ஷ்ட விளையாட்டே என ஒதுக்குவாரும் உளர். அக்கூற்று நமக்கு உடன்பாடன்று.

ஒருபுறம் தட்டையாகவும் மறுபுறம் உருண்டும் உள்ள நான்கு மரக்குச்சிகளை எறிவர். தட்டைப்புறம் மேலாக விழுந்தவை எத்தனையோ, அத்தனை கட்டம் காய் நகரும். நான்கும் கவிழ்ந்தால் ஐந்து. நான்கும் ஐந்தும் விழுந்தால் மறுமுறை எறியலாம். எதிரியின் காயை வெட்டினாலும் அவ்வாறே. தம் காய்கள் ஓரிடத்தில் கூடினால் ஒன்றாகவே நகர்த்தலாம். குச்சி தருவது எண்ணை மட்டுமே. எக்காயை நகர்த்துவது, இணைப்பதா பிரிப்பதா என்பன ஆடுவோன் அறிவைச் சார்ந்தவை.

இருபுறமும் சமவாய்ப்புடையன எனக் கொண்டால், பதினாறு வகை வீழ்ச்சிகளுள் ஒன்று விழுவது 4, இரண்டு 6, மூன்று 4. நான்கும் ஐந்தும் ஒவ்வொன்றே. 1, 4, 6, 4, 1 என்னும் இவ்வரிசையை அல்-கரஜீ ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார். நாம் கவிஞராகவே போற்றும் உமர் கய்யாமும் இதனை அறிந்த கணித மேதையே.

இக்கணக்கின்படி, எதிரியின் காய்க்கு இரண்டு கட்டம் முன்னே நிற்கும் காய் அவனது அடுத்த ஓர் எறிதலில் வெட்டுப்படும் வாய்ப்பு 6/16. நான்கு கட்டம் முன்னே நின்றால் 1/16 மட்டுமே. இணைந்த காய்கள் விரைந்து செல்லும். ஆயின் ஒரே வெட்டில் இரண்டும் தொடக்கத்திற்கு மீளும். ஆதலின் இரண்டு கட்டத் தொலைவில் எதிரி நிற்க, காய்களை இணைப்பது துணிவன்று, கணக்கறியாமை.

எனினும் அரைவட்டக் குச்சி நாணயமன்று. தட்டைப்புறம் மேலாக விழும் வாய்ப்பு பத்துக்கு ஆறு எனக் கொள்வோம். அப்போது நான்கு விழும் வாய்ப்பு நூற்றுக்கு ஆறிலிருந்து ஏறத்தாழ பதின்மூன்றாக உயர்கிறது; மூன்றும் இரண்டும் சமமாகின்றன. முன்னர்ப் பாதுகாப்பெனக் கருதிய இடத்தில் இடர் இருமடங்காகிறது! செதுக்கியவன் கத்தியும் கணக்கிற்குள் வந்துவிடுகிறது.

நம் வகுப்பறைகளில் நிகழ்தகவைப் பெரும்பாலும் நாணயத்தைச் சுண்டியே கற்பிக்கின்றனர். மாணவரும் 'பாதிக்குப் பாதி' என்பதை ஆராயாமலே மனனம் செய்கின்றனர். அவர்கள் கையில் நான்கு குச்சிகளைக் கொடுப்போம். ஆயிரம் முறை எறிந்து, விழுந்தவற்றை ஏட்டில் குறித்துக்கொண்டு, அதன் பின்னர்ச் சமன்பாட்டை எழுதட்டும்.