இரும்பு இணைந்த நூறு ஆண்டுகள்

1924 ஏப்ரலில் புகைவண்டி பதுளைக்கு வந்து சேர்ந்தது. நூறு ஆண்டுகள் கழித்து, 2024 ஏப்ரலில், உமா ஓயாத் திட்டத்தின் 120 மெகாவாட் நிலத்தடி மின்நிலையம் திறந்து வைக்கப்பட்டது. இந்த இரண்டு ஏப்ரல்களுக்கும் இடையே ஊவா மலைகளில் எழுந்தவற்றை நினைத்துப் பார்த்தால், இரும்போடு இரும்பைச் சேர்க்க மனிதர் பட்ட பாடுதான் கண்முன் விரிகிறது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே 1921இல் முடிந்த ஒன்பது வளைவுப் பாலத்தில் எஃகு இல்லை. கல்லும் செங்கல்லும் சீமெந்தும்தான். முதலாம் உலகப் போர் இரும்பையெல்லாம் இழுத்துக்கொண்டதே காரணம் என்று இந்தப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். 1890இல் லிப்டன் தம்பேத்தன்னயில் தேயிலைத் தொழிற்சாலை கட்டிய காலத்தில் தகடுகளை இணைக்க ரிவிட்தான் வழி. சிவக்கக் காய்ச்சிய ஆணியைத் துளையில் செருகி, மறுபுறம் சம்மட்டியால் தலை தட்டுவார்கள். ஆறும்போது அது சுருங்கித் தகடுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கொதிகலன், பாலம், கப்பல் எல்லாம் அப்படி நின்றவையே.

ரிவிட்டின் காலத்தை மின்வில் முடித்து வைத்தது. 1880களில் ரஷ்யாவில் பெர்னார்தோஸ் அதைக்கொண்டு உலோகத்தை உருக்கி ஒட்டினார். 1920இல் பிரிட்டனில் ரிவிட்டே இல்லாத ஃபுல்லகர் என்ற கப்பல் கடலில் இறங்கியது. ஆனால் மெல்லிய தகட்டுக்குப் பலித்த கைவேகம் அங்குலக் கனத் தகட்டிடம் பலிக்கவில்லை. ஓரங்களைச் சாய்வாகச் சீவிப் பள்ளம் எடுக்க வேண்டும். கனம் கூடினால் இரு பக்கமும் எடுக்க வேண்டும். பள்ளத்தின் அடியில் உருகிய உலோகத்தின் முதல் ஓட்டம். கசடைத் தட்டிக் கம்பித் தூரிகையால் தேய்த்து, அதன்மேல் அடுத்தது. இப்படிப் பத்து, இருபது ஓட்டங்கள். பக்கம் மாற்றி மாற்றி இடாவிட்டால் தகடு இழுத்துக்கொண்டு கோணிவிடும். கனத்த தகடு சூட்டை உறிஞ்சுவதால் ஒட்டிய இடம் சட்டென்று ஆறி, இறுகி, நொறுங்கும் தன்மையை அடைகிறது. வெல்டிங் குச்சியின் பூச்சில் ஈரம் இருந்தால் அதிலிருந்து ஹைட்ரஜனும் உள்ளே புகுந்துவிடுகிறது. பார்வைக்குப் பழுதில்லாத ஒட்டு, ஓரிரு நாள் கழித்து உள்ளுக்குள் வெடிக்கும். அப்புத்தளையின் மூடுபனியில் வேலை செய்கிறவர் குச்சிகளை 300 பாகை செல்சியசுக்கு மேல் அடுப்பில் உலர்த்துவதும், தகட்டை 100 பாகைக்குக் குறையாமல் முன்கூட்டியே சூடாக்குவதும், முடித்தபின் போர்த்தி மெல்ல ஆறவிடுவதும் இதற்காகத்தான்.

இந்த அறிவு எளிதில் வந்ததல்ல. 1938 மார்ச்சில், பெல்ஜியத்தின் ஹாசெல்ட்டில் ஆல்பர்ட் கால்வாய்க்கு மேல் வெல்டிங் செய்து கட்டிய பாலம், திறந்து ஓராண்டு சொச்சத்தில் பிளந்து விழுந்தது. 1943 ஜனவரியில், அமெரிக்காவின் போர்ட்லண்டில் அலையில்லாத துறையில் கட்டி நின்ற ஸ்கெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல் குளிரில் நடுவே முறிந்தது. போர்க்கால அவசரமும் குறைந்த தரத்து எஃகும் பழுதான ஒட்டும் ஒன்றுசேர்ந்த விளைவு அது. ஊவாவும் இதைப் போன்ற ஒன்றைக் கண்டது. 2014 டிசம்பரில் உமா ஓயாச் சுரங்கத்தில் நீர் பீறிட்டபோது பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. அங்கே வழிவிட்டது பாறையின் பிளவு, எஃகின் ஒட்டு அல்ல. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத பிளவு பிறகு வந்து கணக்குக் கேட்கும் என்ற பாடம் ஒன்றுதான். நீர்மின் நிலையத்துக்கு 600 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் நீர் அடியில் ஒரு சதுர சென்ரிமீட்டருக்கு ஏறத்தாழ 60 கிலோ அழுத்தம் தருகிறது. அத்தகைய அழுத்தத்துக்கு முன் எந்த அவசரமும் செல்லாது.

நூறு ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வரும் இன்னொரு ஒழுங்கும் உண்டு. தேயிலையை ஏற்றவும் மின்சாரத்தை எடுக்கவும் ஒவ்வொரு நுட்பமும் மலையேறி வந்தது. நுட்பம் அறிந்தவர் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தார். தோட்ட லயத்துப் பிள்ளைக்குச் சுமக்கும் வேலையே மிஞ்சியது. 1948இல் மலையகத் தமிழரான நம்மவர்கள் நாடற்றவர்களானார்கள். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைக் கடலின் இரு கரைகளிலும் பிரித்துப் போட்டது. ஆனால், அவர்களில் பலரின் பூர்வீகமான திருச்சிச் சீமையில், 1965இல் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை வேலையைத் தொடங்கியது; 1975இல் அதனுடன் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்தது. ஒரு காலத்தில் பஞ்சத்தால் மக்களைக் கப்பலேற்றிய மண், கனத்த எஃகை ஒட்டுவதில் பேர்போன இடமாகிவிட்டது. ஒரு மண்ணின் விதி என்றென்றைக்குமாக எழுதப்படுவதில்லை.

பசறையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் இளைஞர்கள் இன்றும் புறப்படுகிறார்கள். பட்டறையில் பார்த்துப் பழகிய கையோடு, தராதரப் பத்திரம் இல்லாமல் போகிறவன் வெல்டர் வேலையைச் செய்து உதவியாளின் சம்பளத்தை வாங்குகிறான். கனத்த தகட்டைச் சீவுவது முதல் கதிர்ப்படம் எடுத்துச் சோதிப்பது வரை, முழுப் பயிற்சியும் தமிழில், தோட்டத்திலிருந்து பஸ்ஸில் போய்த் திரும்பும் தூரத்தில் கிடைக்க வேண்டும். அரசும் கம்பெனிகளும் இதைச் சலுகையாக எண்ண வேண்டாம். இந்த மலைகளுக்கு அவை பட்டிருக்கும் நூறாண்டுக் கடன் இது. பெற்றோரே, உங்கள் பிள்ளை இந்தத் தொழிலைக் கேட்டால் தடுக்காதீர்கள். அவசரப்படாமல் முழுதாகக் கற்கச் சொல்லுங்கள்.