சத்தம் மட்டும் சொன்னால் போதுமா? காற்றையும் சொல்லட்டும்!

எடையைச் சொல்லாமல் விலையை மட்டும் சொன்னால் நம் கடையில் யாராவது துவரம்பருப்பு வாங்குவார்களா? "கிலோ என்ன விலை?" என்றுதான் கேட்பார்கள். பொட்டலம் போட்டு விற்கும் சரக்கில் நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்தவர் பெயர் எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்கள் விதிகள் நம்மைக் கேட்கின்றன. ஒன்று விட்டுப்போனாலும் அபராதம் உண்டு. இவ்வளவு கறாராக விற்கும் நாம், நமக்கென்று ஒரு பொருள் வாங்கும்போது மட்டும் ஏமாளிகளாக இருக்கலாமா?

நாம் சொல்லவருவது கம்ப்யூட்டருக்குள் சுற்றும் சின்ன ஃபேனைப் பற்றி. நூறு ரூபாய்ச் சாமானுக்கு ஒரு கட்டுரையா என்று உறுப்பினர்கள் சிரிக்க வேண்டாம். இன்று கல்லாவுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் இல்லாத மளிகைக் கடை குறைவு. பில் அதில்தான், இருப்புக் கணக்கு அதில்தான், ஜி.எஸ்.டி. கணக்கும் அதில்தான். அந்தப் பெட்டி சூடேறி நின்றால் வியாபாரமே நின்றுபோகும்.

நமக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். ஒரு மாதத்தின் முதல் வாரம், சாயங்கால நேரம். கல்லாவில் பத்துப் பேர் நிற்கையில் கம்ப்யூட்டர் தானாகவே அணைந்துவிட்டது. திறந்து பார்த்தால் கோதுமை மாவும் மிளகாய்த் தூளும் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து ஃபேனைப் பிடித்து நிறுத்தியிருந்தன. அடுத்த நாள் புது ஃபேன் வாங்கப் போனோம். "சத்தமே வராது, பாருங்கள்" என்று ஒன்றைக் கொடுத்தார்கள். உண்மைதான், சத்தம் வரவில்லை. காற்றும் வரவில்லை! இரண்டே வாரத்தில் கம்ப்யூட்டர் மறுபடியும் அணைந்தது. விலை கொடுத்து வாங்கிய பாடம் இது. மற்ற உறுப்பினர்களுக்கு இலவசமாகக் கிடைக்கட்டும்.

ஃபேன் சத்தத்தைக் குறைப்பது பெரிய வித்தை அல்ல. மெதுவாகச் சுற்றவிட்டால் எந்த ஃபேனும் அமைதியாகத்தான் இருக்கும். ஆகவே சத்தம் எவ்வளவு என்று மட்டும் கேட்பது பாதிக் கேள்வி. "இந்தச் சத்தத்துக்கு எவ்வளவு காற்று?" என்பதுதான் முழுக் கேள்வி. சில பெட்டிகளில் உச்ச வேகத்தின் காற்றளவைப் பெரிதாகவும், குறைந்த வேகத்தின் சத்தத்தை அதன் பக்கத்திலும் அச்சிடுகிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கா. மூட்டையோடு எடை போட்டு, மூட்டை இல்லாத விலையைச் சொல்வது போன்ற வேலை இது.

இதற்குக் கணக்கு உண்டு. வேகத்தை 100-லிருந்து 80 ஆகக் குறைத்தால் காற்றும் 80 ஆகும். சத்தம் சுமார் 5 டெசிபல் குறையும். மின்சாரச் செலவோ ஏறக்குறையப் பாதியாகிவிடும். டெசிபல் என்பது ரூபாய் பைசா போலக் கூட்டிப் பார்க்கும் கணக்கல்ல. ஒரே மாதிரியான இரண்டு ஃபேன்களைச் சேர்த்துச் சுற்றவிட்டால் சத்தம் இரட்டிப்பாகத் தோன்றாது, 3 டெசிபல்தான் ஏறும். காதுக்கு இரு மடங்காகப் படவேண்டுமானால் சுமார் 10 டெசிபல் ஏறவேண்டும்.

இதில் நமக்கு ஆதாயம் இருக்கிறது. ஒரே ஃபேனை நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓட்டுவதற்குப் பதில், அதே மாதிரி இரண்டை 1000 சுற்றில் ஓட்டினால் மொத்தக் காற்று ஏறக்குறைய அதேதான். ஆனால் ஒவ்வொன்றின் சத்தமும் 15 டெசிபல் குறைகிறது. இரண்டு என்பதால் 3 கூடும். முடிவில் 12 டெசிபல் லாபம். அதே காரணத்தால்தான் 80 மில்லிமீட்டர் ஃபேனைவிட 120 மில்லிமீட்டர் ஃபேன் மேல். பரப்பு இரண்டேகால் மடங்கு என்பதால் மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தந்துவிடும். பெட்டியில் இடம் இருந்தால் பெரிய ஃபேனையே போடுங்கள்.

காற்று, சத்தம் இரண்டையும் பார்த்தாலே போதுமா என்றால், அதுவும் போதாது. ஆஸ்திரியாவின் நோக்டுவா நிறுவனம் தன் ஃபேன்களுக்கு அளவுகளை ஒழுங்காக வெளியிடுகிறது. அதன் இரண்டு 120 மில்லிமீட்டர் ஃபேன்களை எடுத்துக்கொள்வோம். என்.எஃப்-எஸ்12ஏ என்பது 1200 சுற்றில் மணிக்கு 107.5 கன மீட்டர் காற்றை 17.8 டெசிபல் சத்தத்தில் தருகிறது. என்.எஃப்-எஃப்12 என்பது 1500 சுற்றில் 93.4 கன மீட்டரை 22.4 டெசிபலில் தருகிறது. முதலாவதற்குக் காற்று அதிகம், சத்தமும் குறைவு. அப்படியானால் இரண்டாவதை யார் வாங்குவார்கள்?

மூன்றாவது அளவைப் பார்த்தால் விடை கிடைக்கும். காற்றைத் தள்ளும் அழுத்தம் முதலாவதற்கு 1.19 மில்லிமீட்டர் நீர்மட்டம், இரண்டாவதற்கு 2.61. காற்றளவை எப்போதும் எதிரில் தடை ஏதும் இல்லாத நிலையில்தான் சொல்கிறார்கள். காலியாக உள்ள குடோனில் காற்று தாராளமாகப் போகும். அதே குடோனில் கூரைவரை மூட்டை அடுக்கிவிட்டால் தள்ளுகிற பலம் வேண்டும். தூசி வடிகட்டி, நெருக்கமான தகடுகள் போன்ற தடை எதிரில் இருந்தால் அழுத்தம் அதிகமுள்ள ஃபேன்தான் நிற்கும். நம் கடைகளில் தூசிக்குப் பயந்து வடிகட்டி போடாமல் முடியாது. ஆகவே இந்த மூன்றாவது எண் மற்றவர்களைவிட நமக்குத்தான் முக்கியம். வேகத்தைப் பாதியாக்கினால் இந்த அழுத்தம் கால்பங்காகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். மேலே சொன்ன இரண்டு ஃபேன் லாபம் தடையில்லாத இடத்துக்குத்தான் முழுதாகப் பொருந்தும்.

அளவுகோலும் ஆளுக்கொன்றாக இருக்கிறது. ஒருவர் காற்றை மணிக்குக் கன மீட்டரில் சொல்கிறார், இன்னொருவர் நிமிடத்துக்குக் கன அடியில் சொல்கிறார். கன அடிக் கணக்கை 1.7-ஆல் பெருக்கினால் கன மீட்டர்க் கணக்கு வரும். இது பரவாயில்லை. சத்தத்தைச் சிலர் டெசிபலில் சொல்ல, ஆர்க்டிக் நிறுவனம் தன் பி12 ஃபேனுக்கு 0.3 சோன் என்று தந்தது. சோன் என்பது காதுக்கு எவ்வளவு உரக்கப் படுகிறது என்று சொல்லும் நேர்மையான அளவுதான். ஆனால் அதை டெசிபலோடு நேராக ஒப்பிட முடியாது. படியில் அளந்த அரிசியையும் கிலோவில் நிறுத்த அரிசியையும் பக்கத்தில் வைத்து விலை பேசச் சொன்னால் எப்படி?

சரி, நம் கடைக்கு எதை வாங்குவது? இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் சத்தமே சுமார் 60 டெசிபல். கல்லாவில் 18 டெசிபலுக்கும் 22 டெசிபலுக்கும் வித்தியாசம் யார் காதுக்கும் எட்டாது. அந்த நான்கு டெசிபலுக்காகக் காற்றை விட்டுக்கொடுப்பது அறிவீனம் என்பதே நம் கருத்து. முன்கடைக்குக் காற்று, அழுத்தம், பேரிங் ஆகிய மூன்றையும் பார்த்து வாங்குங்கள். புஷ் பேரிங் விலை குறைவு. ஆனால் சூட்டில் எண்ணெய் வற்றிச் சீக்கிரம் கரகரக்கும். பால் பேரிங் சற்றே சத்தம் போட்டாலும் வெப்பத்தைத் தாங்கி உழைக்கும். மொத்த வியாபாரிகள் இராத்திரியில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் பின்னறை வேறு கதை. அங்கே நாலு முள் இணைப்புள்ள ஃபேன் நல்லது. சூடு ஏறினால் வேகம் கூடும், ஆறினால் தானே குறையும்.

எந்த ஃபேனானாலும் பராமரிப்பு வேண்டும். கம்ப்யூட்டரை மூட்டைகளுக்கிடையில் செருகாமல் பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள். மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்தி, இறக்கைகளை விரலால் பிடித்துக்கொண்டு தூசியைத் தட்டுங்கள். பிடிக்காமல் ஊதினால் தாறுமாறாகச் சுற்றிப் பேரிங் கெடும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. நாம் விற்கும் பொருளுக்குச் சட்டம் இருக்கிறது. சீலிங் ஃபேனுக்கும் இருக்கிறது. ஒரு வாட் மின்சாரத்துக்கு எவ்வளவு காற்று என்பதை வைத்து நட்சத்திரக் குறி இடுவது 2023 முதல் கட்டாயமாகிவிட்டது. கம்ப்யூட்டர் ஃபேன் பெட்டியில் விலை இருக்கிறது, இறக்குமதி செய்தவர் பெயர் இருக்கிறது. எந்த வேகத்தில், எத்தனை தூரத்தில் வைத்து அந்தச் சத்தத்தை அளந்தார்கள் என்பது பெரும்பாலும் இருப்பதில்லை. இத்தகைய சின்ன ஃபேன்களின் சத்தத்தை அளப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 10302 என்ற சர்வதேச முறை ஏற்கெனவே உள்ளது. அந்த முறையில் அளந்து, ஒரே வேகத்தில் காற்று, சத்தம், அழுத்தம் மூன்றையும் ஒரே வரிசையில் அச்சிட வேண்டும் என்று நம் சங்கம் வலியுறுத்த வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பது நம் வாய்தான். அடுத்த முறை "சத்தமே வராது" என்று யாராவது ஒரு ஃபேனை நீட்டினால், "அந்தச் சத்தத்தில் எவ்வளவு காற்று?" என்று கேளுங்கள். நம் வாடிக்கையாளர்கள் தினமும் நம்மிடம் கேட்கிற கேள்விதான் இது. நாமும் கேட்பதில் வெட்கம் என்ன?