ராணியின் கையெழுத்தும் படியாளின் கைநாட்டும்

ஸ்காட்லாந்து தேசத்து ராணி மேரி, நாடிழந்து ஓடிவந்த நிலையில் தன் தாய்மாமனுக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. 450 வருஷங்களுக்கு மேலாகியும் அது இன்னும் அச்சில் கிடைக்கிறது. படிக்கிறவர்கள் இன்னும் கண்ணீர் விடுகிறார்கள். கடிதத்தின் தேதி 1568-ம் வருஷம் ஜூன் 21. எழுதிய இடம் இங்கிலாந்தின் எல்லையிலுள்ள கார்லைல் கோட்டை. தாய்மாமன் சாமானியரல்ல. பிரான்சில் ரீம்ஸ் நகரத்து அதிமேற்றிராணியாரும், போப்பாண்டவரின் கர்தினாலுமான சார்லஸ் என்பவர்.

அந்த அம்மையாருக்கு வந்த கஷ்டம் பொய்யல்ல. பிறந்த ஆறாம் நாளே ராணியானவர். கத்தோலிக்க மதத்தில் உறுதியுள்ளவர். புராட்டஸ்டண்டுப் பிரபுக்கள் 1567-ல் அவரை ஏரி நடுவிலுள்ள ஒரு கோட்டையில் அடைத்து, முடி துறப்புப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். மறு வருஷம் மே மாதத்தில் தப்பினார், படை திரட்டினார், தோற்றார், ஓடினார். நிற்காமல் 92 மைல் வந்ததையும், தரையில் படுத்ததையும், புளித்த பாலைக் குடித்து, ரொட்டியில்லாமல் ஓட்ஸ் மாவைத் தின்றதையும், மூன்று இரவு ஆந்தையைப் போலக் கழித்ததையும் மாமனுக்கு எழுதுகிறார். ரொட்டி வாங்கவும் மாற்றுடை வாங்கவும் கையில் காசில்லை, பணம் அனுப்புங்கள் என்று கெஞ்சுகிறார். கத்தோலிக்கராகவே சாவேன் என்றும் உறுதி சொல்லுகிறார்.

இதைப் படித்து இரங்குவதில் தவறில்லை. பசி யாருக்கு வந்தாலும் பசிதான். ஆனால் இரங்கிவிட்டுச் சற்று யோசிக்க வேண்டாமா?

முதலாவது, ராஜாக்களையும் ராணிகளையும் கடவுளே நியமிக்கிறார் என்பது அக்காலத்து நம்பிக்கை. அப்படி நியமித்த கடவுளுக்கு விண்ணப்பம் போட்டால் போதாதா? மாமனுக்கு ஏன் கடிதம்? கடவுள் மேல் நம்பிக்கை, காசுக்கு மாமன் என்பதுதானே இதன் பொருள்? பிரான்சிலிருந்து படையும் வந்து மீட்கவில்லை. 19 வருஷம் காவலிலிருந்து, 1587-ல் அவர் தலை வெட்டப்பட்டது. வெட்டச் சொன்ன உத்தரவில் கையெழுத்திட்ட எலிசபெத் ராணியோ அவருக்கு உறவினர். அதே ஏசுவைத் தொழுகிறவர். இரு பக்கத்தாரும் ஒரே கடவுளிடத்தில்தான் ஜெபம் செய்தார்கள்!

இரண்டாவது, ராணி அவமானமென்று எழுதிய ஓட்ஸ் மாவு யாருடைய ஆகாரம்? அவருடைய சொந்தக் குடிகளின் அன்றாட ஆகாரம். ஸ்காட்லாந்துக் குடியானவன் பிறந்தது முதல் சாகும் வரை அதைத்தான் தின்றான், தரையில்தான் படுத்தான். அவன் எந்தக் கர்தினாலுக்குக் கடிதம் எழுதினான்? ராணி சில நாள் தின்றால் சரித்திரம், குடியானவன் ஆயுள் முழுதும் தின்றால் விதி என்றால் இது என்ன நியாயம்?

மூன்றாவதுதான் முக்கியமானது. சிறையில் வைத்து வாங்கிய கையெழுத்து செல்லாது என்று, தப்பி வந்தவுடன் ராணி வாதாடினார். நியாயமான வாதம். பயத்தினால் போட்ட கையெழுத்துக்கு என்ன மதிப்பு? இந்த வாதத்தை நாம் ஒப்புக் கொள்ளுகிறோம். ஆனால் ராணிக்கு ஒரு சட்டம், படியாளுக்கு ஒரு சட்டமா என்று கேட்கிறோம்.

இன்று அணுசக்தி விஞ்ஞானிகள் குடியிருக்கும் அணுபுரமும், அதைச் சுற்றியுள்ள கடலோரக் கிராமங்களும் பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தவை. இந்த ஜில்லாவில் கலெக்டராயிருந்த டிரெமென்ஹீர் என்பவர், தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி 1891-ல் சர்க்காருக்கு ஓர் அறிக்கை எழுதினார். கலியாணத்துக்கோ சாவுக்கோ கொஞ்சம் கடன் வாங்கி, அதற்காகப் பண்ணையில் அடிமைப்பட்டுக் கிடந்த படியாட்களின் நிலையை அதில் காணலாம். குடிசை நின்ற மனைகூட மிராசுதாரனுடையது. வாய் திறந்தால் வீடு போகும். அப்படிப்பட்டவன் பத்திரத்தில் வைத்த கைநாட்டு எந்தச் சுதந்திரத்தில் வைத்தது? ஏரிக்கோட்டையில் ராணி போட்ட கையெழுத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வித்தியாசம் ஒன்றுதான். இவனுக்குக் கர்தினால் மாமன் இல்லை.

அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-ல் தாழ்த்தப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்கும் உத்தரவு பிறந்தது. அதுவே பஞ்சமி நிலம். பத்து வருஷத்துக்கு யாருக்கும் விற்கக் கூடாது. பிறகு விற்றாலும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. ஏன் இந்த நிபந்தனை? பசித்தவனிடம் கைநாட்டு வாங்குவது எவ்வளவு சுலபம் என்று தெரிந்ததினால்தான். அப்படியிருந்தும் எத்தனையோ கிராமங்களில் அந்த நிலம் கைமாறிப் போயிற்று. இந்த ஜில்லாவைச் சேர்ந்த காரணைக் கிராமத்து மக்கள் தங்கள் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடினார்கள். 1994-ல் செங்கற்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் மாண்டார்கள். ராணியின் தலை போனதற்கு எத்தனை நாடகம், எத்தனை சினிமா! இவ்விருவர் பெயரைப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளாவது அறிவார்களா?

கொத்தடிமை முறை 1976-ம் வருஷத்துச் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டதென்பது மெய். சட்டம் வந்தால் போதுமா? எடுத்துக் காட்டவும் ஆள் வேண்டும்.

ஆகவே, படித்த வாலிபர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். மேரி ராணியின் கடிதத்தைத் தாராளமாகப் படியுங்கள். படித்து முடித்தபின் உங்கள் கிராமத்து அ-பதிவேட்டையும் ஒரு தரம் புரட்டிப் பாருங்கள். பஞ்சமி நிலமென்று எழுதியிருந்த சர்வே நம்பர் எது, இன்று அது யார் அனுபவத்தில் இருக்கிறது, எந்தப் பத்திரத்தினால் போயிற்று என்று கேளுங்கள். கேட்டதை மனுவாக எழுதி, கீழே உங்கள் பெயரைத் தெளிவாகக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். நகலொன்றை வைத்துக் கொள்ளுங்கள். ராணி தன் குறையை எழுதி வைத்ததினால்தான் 450 வருஷங்கழித்தும் நாம் அதைப் பேசுகிறோம். நம்மவர்கள் எழுதத் தெரியாமலிருந்ததினால் அவர்கள் பட்டதெல்லாம் பிறர் அறிக்கையில் நாலு வரியாய் நின்றுவிட்டது. இனியும் அப்படி இருக்க வேண்டியதில்லை.