கையெழுத்து உங்கடதா என்று கேட்கிறார்கள், தாள் எந்த மொழியில் என்று யார் கேட்பது?

கடன் தகராறு ஒன்று வந்தால் ஃபைனான்ஸ் கம்பனியில் முதலில் வரும் கேள்வி: "இது உங்கட கையெழுத்துத்தானே?" அதோடு நம்மவர் வாய் அடைத்துப்போகும்.

கொட்டாஞ்சேனையில் த்ரீவீல் ஓடுபவருக்கும் வெள்ளவத்தையில் தையல் மெஷினுக்குக் கடன் எடுத்த தாய்க்கும் கிடைப்பது ஆங்கிலத்தில் பல பக்கம், பொடி எழுத்து, புள்ளடி போட்ட இடத்தில் ஒரு கையெழுத்து. பிறகு வரும் கடிதத்தைப் பிள்ளையின் கொப்பியோடு பாடசாலைக்குக் கொண்டுவருகிறார்கள்: "டீச்சர், இதுல என்ன எழுதியிருக்கு?" விளம்பரத்தை அழகான தமிழில் போடும் கம்பனிக்கு ஒப்பந்தம் எழுதும்போது மட்டும் தமிழ் மறந்துபோவது எப்படி? தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தம் சொல்லிவிட்டதே!

"வாசிக்காமல் கையெழுத்து வைத்தது உங்கட பிழை" என்பார்கள். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதுவது பற்றியது (2:282). அதன்படி வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் கொடுத்தவர் அல்ல, கடன் பட்டவர். அவரால் முடியாவிட்டால் அவரது பொறுப்பாளர் நீதியாகச் சொல்ல வேண்டும். இங்கே நடப்பது தலைகீழ்.

முறையிட இடமில்லாமல் இல்லை. 2003 முதல் நிதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். 2020இல் மத்திய வங்கி நிதி நுகர்வோருக்கென்றே ஒரு திணைக்களம் தொடங்கியது. 2023இல் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளும் வந்தன. ஆனால் எங்கு போனாலும் முதலில் கடன் தந்த நிறுவனத்திடமே முறையிட்டிருக்க வேண்டும். ஒம்புட்ஸ்மன் திட்டத்துக்குப் பணம் கொடுப்பதும் அதே நிறுவனங்கள்தான்.

மறுபக்கத்தின் வேகத்தைப் பாருங்கள். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, பணிப்பாளர் சபை தீர்மானம் போட்டாலே ஈடு வைத்த சொத்தை வங்கி நீதிமன்றம் போகாமல் ஏலம் விடலாம். இதுதான் பராட்டே. வியாபாரிகள் குரல் எழுப்பியதும் 2024இல் அது நிறுத்தப்பட்டது, 2025 மார்ச் 31 வரை நீடிக்கவும்பட்டது. நல்லது. ஆனால் 2021இல் ஹிங்குராக்கொடையில் நுண்கடன் பெண்கள் வாரக்கணக்கில் வீதியோரம் இருந்தார்களே, அவர்களுக்கு அந்த அவசரம் ஏன் வரவில்லை?

என் கோரிக்கை ஒன்றுதான்: கடன் பட்டவருக்குத் தெரிந்த மொழியில் பிரதி கொடுக்காத ஒப்பந்தத்தைக் காட்டி வண்டியையோ வீட்டையோ எடுக்க முடியாது என்று சட்டம் வர வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது: தமிழ்ப் பிரதி கேளுங்கள். பிரதி இல்லாமல் எழும்பி வராதீர்கள். முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்து, திகதியோடு ஒரு பிரதி வைத்திருங்கள். பதில் இல்லையா? மத்திய வங்கியின் 1935க்கு எடுங்கள். விளங்காத தாளில் கையெழுத்து வைக்க வெட்கப்படுங்கள், விளக்கம் கேட்க வெட்கப்படாதீர்கள்.