பரப்பினாற் குறைவதும் குறையாததும்

கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்களில் அறுவடை முடிந்ததும் நெல்மூடைகள் வீடு வந்து சேரும். அவற்றைப் பரணில் ஏற்றுங்கால், நடுவிற் குவியாது பரப்பி அடுக்குமாறு பெரியோர் கூறுவர். இவ்வறிவுரையை நிலையியல் கொண்டு அளந்து பார்ப்போம்.

இரு சுவர்களில் முனைகள் தங்கிய, 4 மீற்றர் நீளமுள்ள மரவளை ஒன்றைக் கருதுக. அதன்மீது 60 கிலோ நிறையுள்ள 10 மூடைகள். மொத்தம் 600 கிலோ. வளையின் சொந்த நிறையை விட்டுவிடுவோம். ஒவ்வொரு சுவரும் 300 கிலோவைத் தாங்கும்.

மூடைகள் யாவும் நடுவிற் குவிந்திருப்பின், சுவர் தாங்கும் 300 கிலோ 2 மீற்றர்த் தூரத்திலிருந்து வளையை வளைக்கும். நடுவில் வளைக்குந் திருப்பம் 600 அலகு. சீராகப் பரப்பினாலோ, இடப்பாதியிலுள்ள 300 கிலோ, நடுவிலிருந்து 1 மீற்றர்த் தூரத்தில் நின்று எதிர்த்துத் திருப்பும். 600 இலிருந்து 300 கழிய, எஞ்சுவது 300, சரிபாதி! பெரியோர் வாக்குப் பொய்க்கவில்லை.

ஆயினும், கவனிக்கவேண்டிய விசை இன்னொன்றுண்டு. வளையை ஓரிடத்தில் வெட்டியதாக எண்ணினால், ஒரு துண்டை மேலும் மற்றதைக் கீழும் நழுவச்செய்ய முயல்வது கொய்யும் விசை. பரப்பிய சுமையில் அது நடுவில் இல்லை. சுவரை நோக்கி மீற்றருக்கு 150 கிலோவாக ஏறி, சுவரருகே 300 கிலோவாகும். நடுவிற் குவித்தாலும் சுவரருகே அதே 300 கிலோதான்! பரப்புவதால் முனைகளுக்கு இம்மியும் ஆறுதலில்லை.

சுவரோரமாகக் குவித்தாலென்ன எனின், நிலைமை மோசமாகும். இடச் சுவரிலிருந்து 1 மீற்றரில் யாவற்றையும் வைத்தால், அச்சுவர் 450 கிலோவைத் தாங்க நேரும்; அப்பக்கக் கொய்யும் விசையும் 450. பாலத்திலும் இதுவே நியதி. 1990 இல் போரில் தகர்க்கப்பட்ட மன்னார்ப் பாலத்துக்கு ஈடாக 2010 இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. இத்தகைய பாலத்தை அமைப்போர், லொறி நடுவில் நிற்கும் நிலையை மட்டுமன்றி, தூணருகே வரும் நிலையையும் கணித்தாகவேண்டும்.

நடுவில் வலிமை குன்றினால் வளை தொய்ந்து கண்ணுக்குத் தெரியும். முனையோ சுவருக்குள் மறைந்திருக்கும். அங்கேதான் ஈரமும் உப்பும் தங்கும்; கறையான் ஏறும். பொருத்துவதற்காக முனையின் அடிப்பக்கத்தை வெட்டி மெலித்தால், மரம் நாரின் போக்கிலே நீளப் பிளக்கவும் கூடும். ஆதலின் மூடை ஏற்றுமுன், நடுவை அண்ணாந்து பார்ப்பதோடு நில்லாது, சுவரோரத்தையும் தட்டிப் பார்த்தல் வேண்டும்.